ஏழாம் நம்பரை உட்கார வைத்த நாள்

சிமென்ட் தரையில் ஒரு தலை மோதும் சத்தத்தை அந்தக் காலைக்கு முன்பு நான் கேட்டதில்லை. கூடையில் பட்டுத் திரும்பிய பந்துக்காக எம்பிய எங்கள் ஏழாம் நம்பரின் கால்களுக்குக் கீழே எதிரணிப் பெண் ஒருத்தி புகுந்துவிட்டாள். ஏழாம் நம்பர் காற்றிலேயே சாய்ந்து, முதலில் முதுகும் பிறகு பின்தலையும் படும்படி விழுந்தாள். ஆட்டம் நின்றது. அவள் எழுந்து உட்கார்ந்து, பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அவள் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

அது செமி ஃபைனல். கொஞ்ச நேரம்தான் பாக்கி இருந்தது. அவளை வெளியே எடுத்தோம். அவள் இல்லாமலே எப்படியோ ஜெயித்தோம். மறுநாள் மாலை ஃபைனல்.

நான் கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு இன்ஜினியரிங் படிக்க வந்தவள். சிஞ்ச்வட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், சோதனைப் பிரிவில் வேலை. சாங்வியில் இரண்டு தோழிகளோடு ஒரு ஃப்ளாட். மாலைகளிலும் லீவு நாட்களிலும், நான் படித்த காலேஜின் பெண்கள் பாஸ்கெட்பால் டீமுக்கு உதவிக் கோச். தலைமைக் கோச் சார், நான் படித்த காலத்திலிருந்தே இருப்பவர். மராட்டிக்காரர், சத்தமாகப் பேசுவார், தோற்றால் பேசவே மாட்டார்.

ஏழாம் நம்பர், விமானப்படைத் தளம் இருக்கும் லோஹேகாவைச் சேர்ந்தவள். திருநெல்வேலிக் குடும்பம்தான். ஆனால் அப்பா விமானப்படையில் இருப்பதால் அவள் வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸ் வீடுகளில். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள், நடுநடுவே இந்தி வந்து விழும். டீமில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும். மற்றவர்களுக்கு நான் தீதி, அவளுக்கு அக்கா. அவள் ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மற்ற நான்கு பேரும் அவளைச் சுற்றித்தான் ஓடினார்கள். எதிர் டீம்கள் முதலில் தேடுவது அவளுடைய ஜெர்சியைத்தான்.

ஃபைனலைப் பார்க்க ஒரு வங்கி டீமுக்கு ஆள் எடுப்பவர்கள் வருவதாகச் சார் சொல்லியிருந்தார். எடுத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. அவளுடைய அப்பா சீக்கிரம் ஓய்வு பெறப்போகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். இதெல்லாம் டீமில் எல்லோருக்கும் தெரியும். அந்த வேலை அவளுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது போலத்தான் பேசிக்கொண்டார்கள்.

அந்த சீசனில் நான் ஒரு சோதனை கொண்டுவந்திருந்தேன். சீசனின் முதல் நாள் ஒவ்வொருத்தியையும் தனியாக உட்கார வைத்து, சில வார்த்தைகளைப் படித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் சொல்வேன். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஃபோன் திரையில் புள்ளி தெரிந்ததும் தொட வேண்டும். எல்லாம் சேர்ந்து வரும் எண்தான் அவளுடைய அளவு. பிறகு யாருக்காவது தலையில் அடிபட்டால் மறுபடியும் அதே சோதனை. முதல் நாள் எண்ணைவிடக் குறைந்தால் பெஞ்ச், குறையாவிட்டால் ஆடலாம். கம்பெனியில் நாங்கள் செய்வதும் இதுதான். சரியானது என்று உறுதியான ஒரு பாகத்தை மாஸ்டர் பீஸாக வைத்துக்கொண்டு, வருவதையெல்லாம் அதோடு ஒப்பிடுவோம். சாருக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. முடிவெடுக்கும் வேலை அவர் தோளிலிருந்து இறங்கியது. எனக்கும் அதே காரணத்துக்காகத்தான் பிடித்திருந்தது.

செமி ஃபைனல் முடிந்ததும் ஏழாம் நம்பரைப் பக்கத்திலிருந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், பெயர் கேட்டார், ஊர் கேட்டார். ஒன்றுமில்லை, வாந்தி வந்தால் மட்டும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். வாந்தி வரவில்லை.

ஃபைனல் அன்று காலை லேசான பயிற்சி. அவள் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். வாட்ச்மேன் கேபினை ஒட்டிய நிழலில் அவளை உட்கார வைத்துச் சோதனையை ஆரம்பித்தேன். பாதியில் மேலே ஒரு போர் விமானம் போனது. புனேயில் இது புதிதில்லை. சத்தம் கடக்கும்வரை பேச்சை நிறுத்திவிட்டுத் தொடருவோம். லோஹேகாவ் பிள்ளைகள் அதைக்கூடச் செய்யமாட்டார்கள், அவர்கள் காதில் அது விழுவதே இல்லை. அன்று ஏழாம் நம்பர் இரண்டு உள்ளங்கைகளாலும் காதை அழுத்தி மூடிக்கொண்டு, தலையை முழங்காலில் கவிழ்த்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"குச் நஹி, ஒண்ணுமில்ல அக்கா. தூக்கம் பத்தல."

மாதங்களைச் சொல்லும்போது செப்டம்பருக்குப் பிறகு நின்றாள். பிறகு ஜூலைக்குத் தாவினாள். ஒற்றைக் காலில் நிற்கையில் சுவரைத் தொட்டாள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். முதல் நாள் எண்ணைவிட அதிகமாக வந்தது.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு முறை கூட்டினேன். கண்ணுக்குத் தெரிந்ததை மனதுக்குள் வரிசையாக அடுக்கினேன்: தொப்பி, காது, ஆகஸ்ட், சுவர். ஒரு பக்கம் இவை, மறுபக்கம் தேறிவிட்ட ஒரு எண். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. எது பொய் என்பதுதான் பிடிபடவில்லை.

மற்ற பெண்கள் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து அவல் தாளித்த போஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தேறிவிட்டாள், முதல் நாளைவிட நன்றாகவே செய்திருக்கிறாள் என்றேன். கேப்டன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "அப்படின்னா பரீட்சைக்கு முன்னாடி எங்களுக்கும் தலையில ஒண்ணு போடுங்க தீதி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நகைச்சுவைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தார்கள். இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு கேப்டனைப் பார்த்தாள்.

தண்ணீர் பாட்டில்களை நிரப்பப் போனபோது கேப்டனைக் கூட அழைத்துக்கொண்டேன். அவள் கோலாப்பூர்க்காரி, பொய் சொல்ல வராது. எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டேன்.

"முதல் நாள் சோதனையை யாராவது ஒழுங்கா செய்வாங்களா தீதி?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய சிரிப்பு போய்விட்டது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். சாரிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. சீசனின் முதல் நாள் ஓடவிட்டு நேரம் குறித்துக்கொள்வார். அதற்குப் பிறகு எந்த வாரம் யார் அதைவிட மெதுவாக ஓடினாலும் கூடுதல் ரவுண்டு. அதனால் முதல் நாள் மெதுவாக ஓடு என்பது டீமில் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். ஷூ லேஸ் கட்டுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவார்கள். நான் ஆடிய எங்கள் பேட்ச்சிலும் இருந்தது. ஓட்டத்துக்கான அந்தப் பாடத்தை இவர்கள் என் சோதனைக்கும் பொருத்திக்கொண்டார்கள். வார்த்தைகளைப் பாதியில் மறந்தார்கள், மாதங்களில் வேண்டுமென்றே தடுமாறினார்கள், நேராக நிற்கத் தெரிந்த கால்களால் தள்ளாடினார்கள். ஒருத்தி விடாமல், எல்லோரும்.

மாஸ்டர் பீஸே தப்பென்றால் உடைந்த பாகமும் தேறிவிடும். கம்பெனியில் நான் பயப்படும் ஒரே விஷயம் அதுதான். அந்த சீசனில் என் சோதனையில் தேறித் திரும்ப ஆடியவர்களை நினைத்துப் பார்த்தேன். நெற்றிப் பொட்டில் முழங்கையால் இடிபட்டவள் ஒருத்தி, கூடைக் கம்பத்தில் மோதியவள் ஒருத்தி. இரண்டு பேரையும் நான்தான் தோளில் தட்டி உள்ளே அனுப்பினேன். இரண்டு பேரும் அந்த நேரத்தில் சிரித்துக்கொண்டே போஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கையிலிருந்த பாட்டில் நிரம்பி வழிந்து மணிக்கட்டு நனைவதை கேப்டன் சொல்லித்தான் கவனித்தேன்.

சாரிடம் போய்ச் சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது, பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி, அந்த எண் பொய். உண்மையான எண் உன்கிட்ட இருக்கா?"

இல்லை என்றேன்.

"டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டார். உன் சோதனையும் ஒண்ணுமில்லைங்குது. எதை வச்சு நான் அவளை உட்கார வைக்க? அந்த வேலை போச்சுன்னா அவங்க அப்பா முகத்துல நான்தானே முழிக்கணும்?"

கொஞ்ச நேரம் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சத்தமாகப் பேசும் மனிதர் குரலைத் தாழ்த்தி, ஆரம்பத்தில் அவளைப் பெஞ்சில் வைக்கலாம், ஆட்டத்தின் நாலு குவார்ட்டரில் கடைசி குவார்ட்டருக்கு முன்னால் உன்னைத் திரும்பிப் பார்ப்பேன், அனுப்பலாமென்றால் தலையை ஆட்டு என்றார். அதாவது, அந்தத் தலையாட்டலைப் பற்றிப் பின்னால் யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

அவளுடைய அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். அப்பா வேறு ஊரில் டியூட்டியில் இருந்தார். வீட்டில் எப்படி இருந்தாள் என்று கேட்டேன்.

"வெளிச்சம் கண்ணக் குத்துதுன்னு சொல்லுதா. வந்ததுலேருந்து தூக்கம்தான். சோறுகூட வேண்டாம்னுட்டா," என்றார். அடுத்த மூச்சிலேயே, "டாக்டர் பாத்தாச்சுல்லா? ஒண்ணுமில்லன்னு சொன்னாருல்லா?" என்றார்.

ஆமாங்க ஆன்ட்டி என்றேன். இன்று ஆடாமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து அடங்கியது.

"உக்கார வச்சிராதம்மா," என்றார். "அவ இத்தன வருசம் ஓடுனது இந்த ஒரு நாளுக்குத்தாம்." பிறகு, "நீ கூடவே இருப்பல்லா? பாத்துக்கிடுவல்லா?"

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாலையில், உடை மாற்றுவதற்காகக் கொடுத்திருந்த வகுப்பறையில் எல்லோரும் வெளியேறிய பிறகு அவளை நிறுத்தினேன். அவள் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். முதல் நாள் வேண்டுமென்றே தப்பாகச் செய்தாயா என்று கேட்டேன். எல்லாரும்தான் செஞ்சாங்க என்றாள், நிமிராமல்.

"இப்ப தலை வலிக்குதா?"

"நீங்க இப்படிக் கேட்டா வலிக்குது. ஆடினா வலிக்காது."

ஆரம்பத்தில் பெஞ்ச் என்று சொன்னேன். லேஸைப் பிடித்திருந்த கை நின்றது.

"எந்த நம்பர வச்சு அக்கா?"

"நம்பர் இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் சரியாகத்தான் இருந்தது. கோபமும் சரியாகத்தான் இருந்தது.

"உங்க பயத்துக்கு நான் ஏன் உட்காரணும்?"

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாளா என்று கவனித்தேன். பிடித்துக்கொண்டாள். ஆனால் மற்ற நாட்களில் பிடிப்பாளா என்பதை நான் எப்போதும் கவனித்ததில்லை.

ஆட்டம் தொடங்கியது. ஏழாம் நம்பர் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்களுக்கு நடுவே இரண்டு தண்ணீர் பாட்டில்கள். கோர்ட்டைச் சுற்றிப் படிக்கட்டுகளில் எங்கள் காலேஜ் பையன்கள். முதலில் குழம்பினார்கள், பிறகு மராட்டியில் அவள் நம்பரைக் கூவ ஆரம்பித்தார்கள். யாரோ ஒருவன் என்னைக் காட்டி, அந்த மேடம் எதிர் டீம் அனுப்பின ஆளா என்று கேட்டான். படிக்கட்டு முழுவதும் சிரித்தது. வங்கிக்காரர்கள் இருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சாரிடம் வந்து ஏதோ கேட்டார், சார் என் பக்கம் கையைக் காட்டினார். அந்த மனிதர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு தடவை பந்து எங்கள் பக்கம் வரும்போதும் அவள் எழுந்து உள்ளே ஓடிவிடுவாள் என்று ஒரு பயம். அவளுக்கு ஒன்றுமே இல்லை, ஒரு பெண்ணின் வாழ்க்கையை நான் காரணமில்லாமல் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று இன்னொரு பயம். முதலாவது வரும்போது இரண்டாவது விலகி நிற்கும், பிறகு இடம் மாறும். டீம் ஒரு கை குறைந்தாலும் விட்டுக்கொடுக்காமல் ஆடியது. பாதி ஆட்டம் முடியும்போது இரண்டு டீமுக்கும் வித்தியாசம் சொற்பம்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு டீமும் கூடையை மாற்றிக்கொள்ளும். அதுவரை நாங்கள் பந்து போட்ட கூடையில் இனி அவர்கள் போடுவார்கள். பாஸ்கெட்பால் ஆடும் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். மூன்றாவது குவார்ட்டர் தொடங்கியதும் எதிர் டீம் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி, தடுக்க ஆளில்லாமல் கூடையில் போட்டது. எங்கள் பெஞ்சில் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். ஏழாம் நம்பர் துள்ளி எழுந்து கைதட்டினாள்.

பிறகு பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. ஒருத்தி அவளுடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து, "கட்சி மாறிட்டியா?" என்றாள். ஏழாம் நம்பரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். முந்தின நாள் தரையில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. அவள் கைகள் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

பாட்டில்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அவளை ஒட்டி உட்கார்ந்தேன்.

குவார்ட்டர் முடியும் தறுவாயில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லென்றிருந்தது. கண் கோர்ட்டில்தான் இருந்தது. மற்றவர்களுக்குப் புரியக்கூடாது என்பதற்காக, ஒரு இந்தி வார்த்தைகூடக் கலக்காமல், அவள் பேசி நான் கேட்டதிலேயே மிக மெதுவான தமிழில் கேட்டாள்.

"அக்கா, நாம எந்தப் பக்கம் போடறோம்?"

வலது பக்கம் என்றேன். சரி என்றாள். கையை எடுக்கவில்லை. கொஞ்சம் கழித்து, "காலைலேருந்து எல்லாம் மெதுவா வருது. சொன்னா உட்கார வச்சிடுவீங்கன்னு சொல்லல" என்றாள்.

சார் திரும்பிப் பார்த்தார். படிக்கட்டு அவள் நம்பரைக் கூவிக்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் எங்கள் கைகளைப் பார்த்தார், பிறகு திரும்பிக்கொண்டார். அவளுக்குப் பதிலாக ஆடிய பெண்ணைத் தோளில் தட்டி மறுபடி உள்ளே அனுப்பினார்.

கடைசி குவார்ட்டரில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அது தொடங்கும் விசில் அடிப்பதற்கு முன்பே அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று ஒவ்வொரு சிக்னலிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. அந்த இடைவெளிகளில் நான் பயந்தது போல வேறு எதற்கும் பயந்ததில்லை. தோற்றுவிட்டோம் என்று கேப்டன் அனுப்பிய செய்தியை ஸ்கேன் அறை வாசலில்தான் பார்த்தேன்.

ரத்தக் கசிவு இல்லை. மூளை நன்றாகக் குலுங்கியிருக்கிறது, முழு ஓய்வு வேண்டும், படிப்பது, ஃபோன் பார்ப்பதுகூட இப்போதைக்குக் கூடாது என்றார் டாக்டர். "இந்த நிலைமையில் இன்னொரு அடி பட்டிருந்தால்" என்று ஆரம்பித்தவர், அப்போதுதான் வந்து சேர்ந்த அவளுடைய அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மீதியை நான் எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்திருக்கிறேன்.

வங்கி வேலை எதிர் டீம் பெண் ஒருத்திக்குப் போனது. ஏழாம் நம்பரின் அம்மா, நல்லதுதாம்மா செஞ்ச என்றார். அதை அவர் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, விஷ்ராந்த்வாடிப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினார்கள். அவள் பல வாரங்கள் என்னோடு பேசவில்லை. கோபமா, டாக்டர் ஃபோனைத் தொடக்கூடாது என்றதாலா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இந்த சீசனில் சார் கூடுதல் ரவுண்டை எடுத்துவிட்டார். தலையில் அடிபட்டவள் எந்த எண் எடுத்தாலும் டாக்டர் எழுதிக்கொடுக்காமல் உள்ளே போகக்கூடாது. முதல் நாள் சோதனை இன்னும் உண்டு. புதுப் பெண்கள் வார்த்தைகளைத் திரும்பச் சொல்லும்போது அவர்கள் கண் சீனியர்கள் பக்கம் போகிறதா என்று பார்க்கிறேன். யார் உண்மையில் மறக்கிறாள், யார் மறந்தது போல இருக்கிறாள் என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியாது.

ஏழாம் நம்பர் திரும்பி வந்துவிட்டாள். டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார், கடைசி வருடம், வேறொரு தேர்வுக்குத் தயாராகிறாள். பழையபடியே எம்புகிறாள். இரண்டாம் பாதி தொடங்குமுன் கோர்ட்டுக்குள் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, விரலை நீட்டி எங்கள் கூடையைக் காட்டுவாள். இந்தப் பக்கம்தானே அக்கா என்று கேட்பது போல. டீம் அதை ஒரு ராசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஜூனியர்கள் சிலர்கூட அப்படியே விரல் நீட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். அவளுக்கு அது விளையாட்டு, சிரித்துக்கொண்டேதான் செய்கிறாள்.

நானும் தலையை ஆட்டுகிறேன். ஆட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும், அந்த விரல் நீளும் பக்கத்தைப் பார்க்கிறேன்.